சந்துப் பக்கத்துத் திறப்பு

நசரத்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு ஒற்றை அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அம்மா பகல் முழுவதும் அங்கேதான் ரவிக்கை தைப்பாள். சென்ற சித்திரையில் ஒரு பிற்பகல் தையல் இயந்திரத்தின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, இன்னொரு முறை இப்படி வெக்கை தாக்கினால் தாங்காது என்றார் மருத்துவர். அன்றே அக்கா எங்கள் அறையைத் தன் ஆய்வுக்குள் எடுத்துக்கொண்டாள்.

அக்கா இயந்திரப் பொறியியல் ஆய்வு மாணவி. காற்றோ நீரோ வெப்பத்தைத் தானாகவே சுமந்து வெளியேற வேண்டுமானால் ஒரு பொருளின் உட்புறம் எப்படி அமைய வேண்டும் என்று கணினியைத் தேடவைப்பது அவள் வேலை. இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில் தொடங்குவாள். ஒவ்வொரு சுற்றிலும் கணினி காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, சில கட்டங்களைக் கறுப்பாக்கும், சிலவற்றை வெளுக்கும். கறுப்பு என்றால் சுவர், வெள்ளை என்றால் காற்றுக்கு வழி. இலக்கியம் படிக்கும் எனக்கு விளங்கியது இவ்வளவே: வடிவத்தை அவள் வரைவதில்லை, நிபந்தனைகளை மட்டும் சொல்கிறாள்.

வீட்டுக்காரர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. காலை ஏழரைக்கு, பேருந்துக்கு ஓடுமுன், அக்கா அங்கே வெப்பமானியைப் பிடித்து அளந்தாள். பிற்பகலுக்கு எவ்வளவு கூட்டுவது என்பதை வானிலை அறிக்கையிலிருந்து எடுத்தாள். விடை வந்தது: சந்துச் சுவரில் தரையை ஒட்டி ஒரு திறப்பு, எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி இன்னொன்று, தையல் இயந்திரம் கீழ்த் திறப்பின் நேர் எதிரே. பரண் இருக்கவே கூடாது.

“இன்னாடி, பரணைப் புடுங்கணுமா? உன் கம்ப்யூட்டர் எங்க தூங்குதுன்னு சொல்லு, டிரங்குப் பொட்டிய அது தல மேல வெச்சுட்றேன்” என்றாள் அம்மா.

வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி வந்தவளும் அம்மாவே. கொத்தனார் உளியை வைத்துக்கொண்டு சிரித்தார். “சொவுத்துல ஓட்ட போட்றதுக்கு இம்மாம் படிப்பாம்மா? எங்கூட்ல எலியே போட்டுக்கினு கீது.”

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு அக்கா திறப்பின் முன் ஊதுவத்தியை நீட்டினாள். புகை அறைக்குள் சாய்ந்து, மேலேறி, மறு திறப்பு வழியே போயிற்று. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தேர்வுக்கான விடுமுறையில் நான் பகலில் வீட்டில் இருந்தேன். இரண்டு மணிக்குச் சந்தில் ஏதோ உறுமத் தொடங்கியது. வீட்டுக்காரர் வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி. அதைத் தினமும் கடந்துதான் நாங்கள் இருவரும் பேருந்துக்கு ஓடினோம். காலையில் அது ஓடாது. அது கக்கிய அனல் முழுவதையும் எங்கள் திறப்பு உள்ளே இழுத்து, அம்மாவின் காலடியில் கொட்டியது. அம்மா எழுந்து ஒரு சாக்கை மடித்துத் திறப்பை அடைத்தாள். அறையில் காற்று அசையவில்லை. ஐந்தரைக்குச் சாக்கை உருவி, ஒளித்துவைத்தாள்.

“காத்து எப்டிம்மா?” என்று கேட்டபடி வந்தாள் அக்கா.

“ஜிலுஜிலுன்னு கீது. மிசினாண்டேந்து எய்ந்துக்கவே மனசு வர்ல.”

மறுநாள் வீட்டுக்காரரிடம் பேசப் புறப்பட்டேன். அம்மா என் கையைப் பிடித்தாள். “அவுங்க பொண்ணு கொயந்த பெத்து இருவது நாளு. பச்சப் புள்ளய வேக்காட்டுல போடச் சொல்றியா?”

“அக்காகிட்டயாவது சொல்றேன்.”

“வாயத் தொறக்காத. இத்தினி வருசம் படிச்சு, மொத மொதல்ல நமக்குன்னு ஒண்ணு பண்ணிக் குடுத்துகீது.”

நான் சொல்லவில்லை. அன்பு என்று அதற்குப் பெயரிட்டேன். பேசாமலிருப்பது எனக்கு எப்போதும் எளிது என்பதே உண்மை.

பிற்பகல் அளவுகளையும் குறித்துக்கொள்ள நினைத்த அக்கா ஒரு நாள் மூன்று மணிக்கே வீடு திரும்பினாள். நான் முகப்பேரில் தோழி வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா கண்டது சாக்கு அடைத்த திறப்பையும், அதன் முன் தரையில் கிடந்த அம்மாவையும்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவள் கேட்டாள்: “உனக்குத் தெரியுமாடி?”

தலையசைத்தேன்.

“எத்தினி நாளா?”

“பதினோரு நாளா.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரே ஒரு நம்பர மாத்தியிருப்பேன்டி.”

அம்மா வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் பூந்தமல்லி போய் வருகிறாள். மீதி நாள்களில் அதே கூரையின் கீழ் படுத்திருக்கிறாள். வேறு அறை எங்களுக்கு இல்லை. அம்மா வீடு திரும்பிய வாரம் அக்கா அந்த எண்ணை, சந்தின் பிற்பகல் வெப்பத்தை, மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி சாம்பலிலிருந்து ஓட்டினாள். சந்துச் சுவரில் ஒரு கட்டம்கூட வெளுக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு அவள் தன் ஆய்வைப் பற்றி என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.