வெள்ளிமலைக்குப் போன புத்தகங்கள்

கள்ளக்குறிச்சியில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, புதிதாக வந்த புத்தகங்களை வாசகர்களுக்கு அறிமுகம் செய்வேன். எல்லாவற்றையும் முன்பே படித்துவிடுவேன். பிள்ளைகளுக்குப் பூச்சிகள் பற்றிய படப் புத்தகம், கல்லூரி மாணவர்களுக்குத் துப்பறியும் நாவல், வயதானவர்களுக்குப் பெரிய எழுத்தில் சிறுகதைகள் என்று எடுத்துவைத்துப் பேசுவேன்.

முதலில் நல்ல கூட்டம் வந்தது. போகப்போக, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள். அவர்கள் மின்விசிறிக்காக வருகிறவர்கள். "மேடம், கொஞ்சம் மெதுவா பேசுங்க, படிச்சிக்கினு இருக்கோம்" என்று ஒருவர் சொன்னார். அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசி முடித்தேன்.

அப்படியான ஒரு ஞாயிறுதான் அந்தப் பெண் வந்தார். மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊர்க்காரர். மருந்து வாங்க வந்தவர், பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் உள்ளே வந்து உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு பலா மரத்துலேர்ந்து வுழுந்து, இடுப்புக்குக் கீழ அசைவே இல்லீங்க. பொழுதுக்கும் கூரையப் பாத்துக்கினு கெடக்குறாரு. படிக்கத் தெரியும். அவருக்கு எதக் குடுக்கலாம்?"

இப்படி ஒருவர் என்னைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. "அவருக்கு இன்னா புடிக்கும்?" என்றேன்.

யோசித்தார். "முன்னல்லாம் நல்லா சிரிப்பாருங்க."

நகைச்சுவைக் கதைப் புத்தகம் ஒன்றும், வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள் என்றதால் அவளுக்குப் பூச்சிப் புத்தகமும் என் பொறுப்பில் கொடுத்தனுப்பினேன். அடுத்த மாதம் வந்தபோது ஆவலாகக் கேட்டேன், சிரித்தாரா என்று.

"கொஞ்சம் படிச்சாருங்க. அப்புறம் மூடி வெச்சிட்டாரு. இதுல எல்லாரும் நடந்துக்கினே இருக்காங்கன்னு சொன்னாரு."

அதற்குப்பின் எந்தப் புதுப் புத்தகத்தைத் திறந்தாலும் அதுவே கண்ணில் பட்டது. ஓடுகிறார்கள், ஏறுகிறார்கள், பயணம் போகிறார்கள். கடைசியில் நட்சத்திரங்களைப் பற்றி எளிமையாக எழுதிய ஒரு புத்தகம் அகப்பட்டது. அதில் யாரும் நடப்பதில்லை. அதை நானே எடுத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன்.

அவர் கணவர் படுத்தபடியே மரியாதையாகப் பேசினார். நான் படித்துக்காட்டிய பக்கங்களைக் கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும், "நல்லா சொல்றீங்க. எனக்கு வாணாங்க. அவ்ளோ தூரத்துல இருக்குறத தெரிஞ்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்? பக்கத்துல இருக்குற தண்ணிச் சொம்பே எட்டல" என்றார். சொம்பை எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மழைக்காலத்தில், படுக்கைப் புண்ணில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து அந்தப் பெண் புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஈரத்தில் தாள்கள் உப்பியிருந்தன.

"பாப்பாவுக்கு வேற எதாச்சும் எடுத்துக்கினு போங்களேன்" என்றேன்.

"அது இப்ப ஆடு ஓட்டிக்கினு போவுதுங்க. நானு கூலிக்குப் போனா யாரு பாக்குறது?"

பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு அறிமுகக் கூட்டம் என்று நான் பலகையில் எழுதவில்லை. அதற்கடுத்த மாதமும் எழுதவில்லை. ஏன் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.