நாலு மணிக்குள் தொலேதோ

நம்பாதவர்கள் ஸ்பெயினில் இருக்கும் தொலேதோவுக்கு வாருங்கள். அந்த நீலக் கதவை நானே காட்டுகிறேன். உள்ளே வரச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். என் மகள் மேல் ஆணை, ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நான் ரெமெதியோஸ். பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. அன்று வடமேற்கே கலீசியாப் பக்கத்திலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். பேருந்து இரண்டு மணிக்கு இறக்கிவிட்டது. நாலு மணிக்கு மாட்ரிட்டுக்குக் கிளம்பிவிடும். அதற்குள் பேராலயம், யூதர் தெரு, மார்சிப்பான் என்கிற பாதாம் மிட்டாய்க் கடை எல்லாம் முடிய வேண்டும். மூச்சு விடக்கூட நேரம் கிடையாது. பள்ளி விடுமுறை என்பதால் எட்டு வயது மகள் நூரியாவையும் கூட்டி வந்திருந்தேன். என் கழுத்தில் ஒலிவாங்கி தொங்கியது. எல்லார் காதிலும் சின்னக் கருவி, நூரியாவுக்கும் ஒன்று. நான் மெல்லப் பேசினாலே சந்தின் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்.

முதல் கோளாறு பேராலயத்தில். நான் மேலே இருக்கும் மணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது பேரும் ஒன்றாகக் குனிந்து தரையைப் பார்த்தார்கள். வயசானவர்கள், கழுத்து வலிக்குமோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றேன். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

நான் அப்போது வாயே திறக்கவில்லையே...

மணி 3.25. யூதர் தெரு. திரும்பிப் பார்த்தேன். நூரியாவைக் காணோம்.

விசித்தாசியோன் என்ற பாட்டியம்மாள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஏம்மா, நீதான அவள முன்னால போகச் சொன்ன? இப்பத்தான் காதுல சொன்னியே."

எல்லாரையும் கீழே பேருந்துக்குப் போகச் சொன்னேன். பாட்டியம்மாள் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி என் காதில் வைத்தேன்.

சர்ர்ர்... என்று ஒரு இரைச்சல்.

பிறகு என் குரல்.

என்னுடைய குரலேதான். நூரியாவைத் தூங்க வைக்கும்போது வருமே, அந்தக் குழைவோடு.

"இடது பக்கம் திரும்புடா செல்லம். பயப்படாத. அம்மா பேசிட்டே வரேன்ல..."

நான் ஒலிவாங்கியில் கத்தினேன். நூரியா, நில்லு, நகராதே என்று தொண்டை கிழியக் கத்தினேன். காதுக்குள் அந்தக் குரல் ஒரு கணம் நின்றது.

"வேற யாரு கூப்பிட்டாலும் திரும்பாத. நான் சொல்றத மட்டும் கேளு."

அழுகை வந்தது. ஆனால் அதுதானே வழி சொல்கிறது? அது சொன்ன இடத்திலெல்லாம் நானும் திரும்பி ஓடினேன். இரும்புக் கிராதி... இடிந்த வளைவு... ஓட ஓட இரைச்சல் குறைந்தது. குரல் தெளிந்தது.

"நீலக் கதவு. திறந்துதான் இருக்கு."

தள்ளினேன். வெறும் முற்றம். நடுவில் பழைய மழைநீர்த் தொட்டி. மூடி விலகியிருந்தது.

விளிம்பில் நூரியா. ஒரு கால் உள்ளே.

"இன்னும் ஒரே ஒரு படி..."

பாய்ந்தேன். சட்டைக் காலர்தான் கையில் கிடைத்தது. இழுத்தேன். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம்.

தொட்டிக்குள் படியே இல்லை.

நூரியா என்னைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"அம்மா... நீ உள்ளதான இருந்த?"

எங்கள் காதிலிருந்த இரண்டு கருவிகளையும் அங்கேயே வீசி எறிந்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

3.57. பேருந்து நின்றிருந்தது. எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் அன்செல்மோ வாசலில் நின்று சிரித்தான்.

"வாம்மா பேச்சுக்காரி. ஒலிவாங்கி பேட்டரிய என்கிட்டயே விட்டுட்டு இறங்கிட்ட. ரெண்டு மணி நேரம் கத்தியே தீத்துட்டியா?"

உள்ளங்கையை விரித்தான். இரண்டு பேட்டரிகள்.

கழுத்தில் கிடந்த ஒலிவாங்கியைத் திறந்தேன்.

காலி.

படியில் ஏறி உள்ளே பார்த்தேன். விசித்தாசியோனைத் தவிர ஒருவரும் கருவியைக் கழற்றவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் எலாதியோ என்ற பெரியவர். கழற்றுங்கள் என்றேன். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"இரும்மா. நீ இன்னும் முடிக்கல."

"நான்... என்ன சொல்றேன்?"

"எங்ககிட்ட, புள்ளைய அந்த நீலக் கதவுக்கே திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்ற."

முப்பது பேரும் நூரியாவைப் பார்த்தார்கள்.

நாங்கள் அந்தப் பேருந்தில் ஏறவில்லை.