சிவநாயகி வைத்த பொட்டு

அந்தச் சிவப்புத் தூள் என்னவென்று ஐரோப்பாவில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஜெர்மனியில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார்களாம். பிரான்சிலிருந்து ஒரு நிபுணர் பறந்து வந்து பார்த்தாராம். கடைசியில் 'அடையாளம் தெரியாத பொருள்' என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார்களாம். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கேபிள் தொழிற்சாலையின் கன்ரீனில், சுவரில் பெரிதாக விழுந்த படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சிவநாயகிக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த கோப்பி சரிந்து மேசையெல்லாம் ஓடியது. அது குங்குமம். அதுவும் அவளுடைய வீட்டுச் சாமியறைக் குங்குமம்.

தனக்குச் சோறு போடுகிற எதற்கும் சிவநாயகி பொட்டு வைக்காமல் விடமாட்டாள். அது அவளோடு கூடப்பிறந்த குணம். ஊரில் நடந்த யுத்தத்துக்குத் தப்பி, இளம்பெண்ணாக நோர்வேக்கு வந்து இறங்கிய புதிதில், வடக்கே பின்மார்க்கில் மீன் வெட்டுகிற வேலை கிடைத்தது. விஜயதசமியன்று மீன் வெட்டும் கத்திக்கே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மேற்பார்வையாளர் அதை இரத்தம் என்று நினைத்து, எங்கே வெட்டிக்கொண்டாய் என்று அவளுடைய பத்து விரலையும் விரித்துப் பார்த்தார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்தாள், பஸ் ஓட்டுகிற மகேந்திரராசாவைக் கட்டினாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கினாள். இந்தத் தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைத்தபோது அவளுடைய தலையில் ஒரு நரைமயிர் இல்லை. இப்போது கறுப்பு மயிரைத்தான் தேடவேண்டும்.

வயர்களின் முனையில் உலோகத் துண்டை வைத்து மெசினால் நெரித்து, அந்த முனைகளை இணைப்பியின் துளைகளில் செருகுவது அவள் வேலை. மீன் பண்ணை விளக்குகளுக்கும் அம்புலன்ஸ்களுக்கும் அங்கேயிருந்துதான் கேபிள் போனது. வருடாவருடம் விஜயதசமிக்கு அவல், கடலை, வடை எல்லாம் கட்டிக்கொண்டு போவாள். முதலில் மெசினுக்குப் பொட்டு, பிறகு நெற்றியை நீட்டுகிறவர்களுக்கு. மேலாளர் துர்கைர், ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர், முதல் ஆளாக வந்து குனிந்து நிற்பார். "இந்த ஒரு மெசின்தான் பழுதாகிறதே இல்லை" என்பார். அதைக் கேட்டுச் சிவநாயகிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

உக்ரைனில் சண்டை தொடங்கிய பிறகு ஐரோப்பாவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஒவ்வொரு நாடும் தனித்தனியே ஆயுதம் வாங்கி, தனித்தனியே செய்து, ஒன்றின் ஆணி மற்றதற்குப் பொருந்தாமல் கிடந்தது போதும், இனிச் சேர்ந்து செய்வோம், சேர்ந்து வாங்குவோம், பாதுகாப்புச் சாமான்களுக்கு ஒரே சந்தை வைப்போம் என்று பேசினார்கள். நோர்வேயும் அதில் போய் உட்கார்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகவே மாட்டோம் என்று இரண்டு தரம் வாக்குப் போட்ட நாடு இது. கலியாண வீட்டுக்கு வரமாட்டேன், பந்தியில் மட்டும் இருக்கிறேன் என்கிற ஆட்களை நாங்கள் காணாததா?

பந்தியில் ஒரு இலை சிவநாயகியின் தொழிற்சாலைக்கும் விழுந்தது. வானத்தில் வருகிற ட்ரோனையும் ஏவுகணையையும் தூரத்திலேயே கண்டுபிடிக்கிற ஒரு கருவி. அதன் கண் பிரான்சில் செய்வது, அதைச் சுமக்கும் லொறி ஜெர்மனியில் செய்வது, இரண்டையும் இணைக்கிற கேபிள் ஒஸ்லோவில் செய்வது. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பயந்திருந்த சனத்துக்கு உயிர் வந்தது. அட்டை காட்டினால் மட்டும் திறக்கிற கதவோடு புதுக் கூடம் ஒன்று கட்டினார்கள். புது மெசின் வந்தது. போன் கொண்டுபோகக்கூடாது, சாப்பாடு கொண்டுபோகக்கூடாது, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. உள்ளே வேலை செய்கிறவர்களின் பூர்வீகம் முழுவதையும் விசாரித்துத்தான் அனுமதி கொடுத்தார்கள். சிவநாயகிக்கும் கிடைத்தது. அவளுக்குப் பக்கத்து மெசினில் நாதியா.

நாதியா உக்ரைனின் கார்கிவ் நகரத்துப் பெண். சண்டைக்குத் தப்பி வந்தவள். தாய் மட்டும் வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டாள். மத்தியானத்தில் நாதியா சிவநாயகியின் புட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். இரண்டு பேருடைய நோர்வேஜிய மொழியும் அரைகுறை. ஆனாலும் பங்கர் என்றால் என்ன, கரண்ட் இல்லாத வீடு என்றால் என்ன என்று ஒருத்திக்கு மற்றவள் விளக்கவேண்டியிருக்கவில்லை.

விஜயதசமி வந்தது. புதுக் கூடத்துக்குள் அவலுமில்லை, கடலையுமில்லை. சரி, சட்டம். ஆனால் பழைய மெசினுக்கு அத்தனை வருடம் பொட்டு வைத்துவிட்டுப் புதியதை வெறும் நெற்றியோடு விடுவது என்ன நியாயம்? பொட்டு என்ன போனா, சாப்பாடா? ஒரு சிட்டிகை குங்குமத்தைக் கடதாசியில் மடித்துக் கொண்டுபோனாள். வழக்கமாகச் சந்தனத்தில் குழைத்துத்தான் வைப்பாள். இந்தத் தடவை, புது இடம், ஈரம் பட்டு அழுக்காகிவிடக்கூடாது என்று உலர்ந்த குங்குமத்தையே வைத்தாள். அதுவும் ஒருவர் கண்ணிலும் படாமல், நெரிக்கிற தகட்டின் அடிப்பக்கத்தில். மனதுக்குள் ஒரு தேவாரத்தைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள். தான் செய்தது சுத்தமான வேலை என்றுதான் அவள் நம்பினாள், பாவி.

மெசின் ஒவ்வொரு தரம் நெரிக்கும்போதும் அதிரும். அதிரும்போதெல்லாம் கீழே வாயைத் திறந்துகொண்டிருந்த இணைப்பிகளுக்குள் ஒரு துளி தூள் விழுந்தது. அடுத்த மேசையில் அதை றப்பர் போட்டு இறுக்கி மூடினார்கள். மூடியதை ஜெர்மனியில் பிரித்துப் பார்த்தவர்கள் அரண்டுபோனார்கள்.

கன்ரீனில் எல்லாரையும் கூட்டித் துர்கைர் அதைத்தான் சொன்னார். அனுப்பிய தொகுதி முழுவதும் திரும்பி வருகிறது. எங்கள் கேபிள் இல்லாமல் மற்ற நாடுகளிலும் வேலை நின்றுவிட்டது. கூட்டுக்குடும்பத்தில் ஒருத்தி உப்பை அள்ளிப் போட்டால் எல்லாருடைய இலையிலும்தானே கரிக்கும்? பிறகு அவர் ஒரு சொல் சொன்னார்: நாசவேலை. யாருக்காவது ஏதாவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றார்.

சிவநாயகி வாயைத் திறந்தாள். நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது. அவள் எச்சில் விழுங்கி முடிப்பதற்குள், தாய் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த இருவர் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் நேரே நாதியாவிடம் போனார்கள்.

நாதியா செய்த குற்றம் வேறொன்றுமில்லை. கேபிள் பெட்டிகள் எப்போது போகும், எங்கே போகும் என்று களஞ்சியக்காரரிடம் கேட்டாள், லொறிக்காரரிடம் கேட்டாள், துர்கைரிடமே கேட்டாள். ஓய்வு நேரத்தில் வெளியே நின்று, தன் ஊரில் பலரும் வீட்டில் பேசுகிற ரஷ்ய மொழியில் தாயோடு கதைத்தாள். சந்தேகப்படுவதற்கு அது போதும் என்று யாரோ முடிவெடுத்துவிட்டார்கள். அவளுடைய அலுமாரிக்குப் பூட்டுப் போட்டார்கள், அட்டையைக் கழற்றி வாங்கினார்கள், விசாரணைக்கென்று நகரத்திலிருந்த அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் திரும்பி, "என்ன நடக்கிறது சிவா?" என்று கேட்டாள். சிவநாயகி கல்லாய் நின்றாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மகேந்திரராசா சீருடைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, நான் ஒரு வேலை செய்துபோட்டன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"குங்குமமோ?"

"ஓம்."

"மிசைலுக்கோ?"

"மிசைலுக்கில்லை. மிசைல் வாறதைப் பாக்கிற சாமானுக்கு வயர் செய்யிற மெசினுக்கு."

மகேந்திரராசா முதலில் சிரித்தார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அயன்பெட்டியின் கரண்டை நிற்பாட்டினார்.

"வாயைத் திறக்காதையும்" என்றார். "அந்தப் பிள்ளை ஒண்டும் செய்யேல்லை. விசாரிச்சுப்போட்டு விட்டிடுவினம். நீர் போய்ச் சொன்னீரெண்டால் அனுமதியும் போச்சு, வேலையும் போச்சு. அங்கை நிக்கிற மற்றத் தமிழ்ச் சனத்தையும் ஒரு மாதிரித்தான் பாப்பினம். இந்த வயசிலை உமக்கு ஆர் வேலை தரப்போகினம்?"

"ஒண்டும் செய்யாததுகளைக் கூட்டிக்கொண்டு போய் விசாரிக்கிறதெண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"இது நோர்வேயப்பா."

"ஓம், நோர்வேதான். எங்கடை ஊரிலையெண்டால் இப்பிடித்தான் நடக்குமெண்டு தெரியும். இஞ்சையும் நடந்ததைக் கண்டு எனக்குக் கை கால் ஓடேல்லை. அதுவும் என்னாலை."

மகேந்திரராசா சட்டையை மடித்து வைத்தார். பிறகு, "காலமை நானும் வரட்டோ?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள்.

காலையில் துர்கைரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "அது விஷமும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. உங்கள் நெற்றியில் வருடாவருடம் வைத்தேனே, அதுதான்."

துர்கைர் தன்னையறியாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் சிரிப்பார், அல்லது கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. முகம் வெளுத்துப்போய், "ஏன் நேற்றே சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"பயந்துவிட்டேன்."

"நேற்றுப் பின்னேரம் வரையும் எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள், சிவா. தூள் எதுவென்று தெரிந்திருந்தால் மெசினைத் துடைத்துவிட்டு இன்றைக்கே தொடங்கியிருக்கலாம். தெரியாது என்று சொன்னோம். வேலையை செக் நாட்டில் ஒரு தொழிற்சாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனித் திரும்பி வராது."

"அவ்வளவு கெதியாகவா?"

"ஒரே சந்தை என்றால் அதுதானே. ஒருவன் விழுந்தால் இன்னொருவன் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அது நல்லது என்று நானே உங்களுக்கெல்லாம் கூட்டம் போட்டுச் சொன்னேன்." அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "ஆனால் அவர்கள் மெசின் வாங்கி, ஆட்களை விசாரித்து அனுமதி கொடுத்து, மாதிரி செய்து காட்டவேண்டும். மார்ச்சுக்கு முன்னர் ஒரு கேபிளும் வராது."

பொட்டு வைத்தது அறியாமல் செய்த பிழை. அதற்கு மன்னிப்பு உண்டு. ஆனால் கன்ரீனில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததற்கு இவ்வளவு பெரிய விலை இருக்கும் என்று கனவிலும் அவள் நினைக்கவில்லை. பாதுகாப்புப் பிரிவுக்காரர்கள் வந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தகட்டின் அடியில் தொட்டும் காட்டினாள். அட்டையைக் கழற்றித் தரச் சொன்னார்கள், கொடுத்தாள். நாதியாவை விட்டுவிட்டதாகவும், சாமான்களை எடுக்க மத்தியானம் வருவாள் என்றும் துர்கைர் சொன்னார்.

வாசற்படியில் குளிருக்குள் காத்துக்கொண்டு நின்றாள். சொல்லவேண்டியதை நோர்வேஜிய மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். நாதியா அடித்தாலும் வாங்கிக்கொள்வது, துப்பினாலும் துடைத்துக்கொள்வது என்று தீர்மானித்திருந்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நாதியாவின் கண்கள் வீங்கியிருந்தன. சிவநாயகி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பொட்டு, மெசின், பயம், எல்லாம்.

"நீயா?" என்றாள் நாதியா.

"நான்தான். நேற்றே சொல்லியிருக்கவேண்டும். உன்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது பார்த்துக்கொண்டு நின்றேன்."

நாதியா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையா? பெட்டிகள் எப்போது போகும்?"

விசாரணை பற்றிப் பேச்சில்லை, தன் வேலை பற்றிப் பேச்சில்லை. எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்ட அதே கேள்வியைத்தான் அவள் இன்னும் கேட்டாள்.

"இங்கேயிருந்து இனிப் போகாது. வேறு நாட்டில் செய்யப்போகிறார்கள். மார்ச் ஆகுமாம்."

"மார்ச்" என்றாள் நாதியா. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "முதல் தொகுதிக் கருவிகள் எங்கள் ஊர்ப் பக்கம் போகின்றன என்று செய்தியில் சொன்னார்கள். அம்மா ஒன்பதாம் மாடியில் இருக்கிறாள். கால் ஏலாது. சைரன் ஊதினாலும் கீழே இறங்கமாட்டாள்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. தாய்தான். நாதியா கண்ணைத் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கலகலப்பான குரலில் ரஷ்ய மொழியில் பேசினாள். நடுவில் ஒரு தரம் சிரிக்கவும் செய்தாள். சிவநாயகிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பேசி முடிக்கும் வரைக்கும் அவள் எட்டத்திலேயே நின்றாள்.

"அம்மா என்ன கேட்டார்?"

"ஒவ்வொரு நாளும் கேட்கிறதுதான்" என்றாள் நாதியா, போனைப் பைக்குள் வைத்தபடி. "நீ செய்கிற சாமான் எப்போது வரும் என்று கேட்டாள். அடுத்த கிழமை என்று சொன்னேன்."