நின்றால் சுற்ற வேண்டிய விசிறி

பெற்றோல் ஷெட்டில் நான் இரவு ஷிப்ட் செய்த காலத்தில், டாங்கி நிரப்ப வரும் கூரியர்காரன் ஒருவன் எனக்கு ஒரு புத்தி சொன்னான். "பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினால் ஓடிப் பார்க்காதே, நிறுத்திப் பார். ஓடும்போது காற்றே எஞ்சினை ஆற்றிவிடும். ட்ராபிக்கில் நிற்கும்போதுதான் கொதிக்கும். அப்போது ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள விசிறி தானாகச் சுற்ற வேண்டும். அது சுற்றும்வரை காத்திரு, பிறகு விலை பேசு." இதை நான் கவனமாகக் கேட்டு வைத்திருந்தேன் என்பதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனில், வால்தம்ஸ்டோவில் குடியிருந்தோம். நான் விடிய வந்து படுப்பேன். "அப்பா நித்திரை, சத்தம் போடாதை" என்ற அதட்டலைக் கேட்டே மகள் வளர்ந்தாள். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் படமாகக் கீறச் சொன்னார்களாம். அம்மாவைக் கீறியிருந்தாள், தன்னைக் கீறியிருந்தாள், பக்கத்தில் கட்டிலில் போர்வை மூடிய ஒரு மேடு. அந்த மேடுதான் நான். படத்தைப் பார்த்து மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகுதான் பகல் வேலை தேடி அலைந்தேன். அலுவலகத்துக்கு அலுவலகம் பார்சல் கொண்டு ஓடும் கூரியர் வேலை ஒன்று கிடைத்தது. திங்கட்கிழமை சொந்த மோட்டார் சைக்கிளோடு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். லைசென்ஸ் இருந்தது. வாகனம்தான் இல்லை.

அப்போதுதான் தோர்ண்டன் ஹீத்திலிருந்து எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் போன் எடுத்தான். லண்டனுக்கு வந்திறங்கியபோது என் அறையில்தான் தங்கியவன். என் மெத்தையில் பாதியும் என் குளிர்க்கோட்டு முழுசாகவும் அவனுடையதாக இருந்த நாட்கள் உண்டு.

"அண்ணை, ஏன் வெளியில தேடுறியள்? என்ரை மோட்டார் சைக்கிள் நிக்குது. நான் புதுசொண்டு எடுத்திட்டன். எங்கட ஆளுக்குக் குடுத்தால் எனக்கும் ஒரு திருப்தி."

எங்கட ஆள்! அந்த ஒரு சொல்லில் நான் குளிர்ந்துபோனேன்.

ஞாயிறு காலை போனேன். மோட்டார் சைக்கிளைக் காட்டுவான் என்று பார்த்தால், "முதல்ல சாப்பாடு" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். புட்டும் நண்டுக்கறியும். அவன் மனைவி பெரிய நண்டாகப் பார்த்து என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள். "ரெண்டு வெள்ளையள் வந்து பாத்திட்டு விட்டிட்டுப் போட்டினம் அண்ணை. இது உங்களுக்கெண்டே இருந்திருக்கு" என்றாள். நானும் தலையாட்டிக்கொண்டு கால் கடித்தேன், நண்டின் காலை.

கை கழுவிய பிறகு வெளியே வந்தோம். "நீட்டுக்கு ஒருக்கா ஓடிப் பாருங்கோ" என்றான். ஓடினேன். பட்டுப் போல ஓடியது. திரும்பி வந்து நிறுத்தியதும், நான் இறங்குமுன் அவன் கை நீட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். "சும்மா நிண்டு ஏன் பெற்றோலை எரிப்பான்?" பெடியன் சிக்கனக்காரன் என்று மனதுக்குள் மெச்சினேன். விசர் எனக்கு!

கூரியர்காரன் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும்: ஒரு வீட்டில் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, "தம்பி, திரும்ப ஸ்டார்ட் பண்ணு, விசிறி சுத்துதோ எண்டு பாப்பம்" என்று எப்படிக் கேட்பது? வயிற்றில் அவன் வீட்டு நண்டு கிடக்க, வாயால் அவனைச் சந்தேகிக்க ஏலுமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்த வாய். அதை மூடிக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெறும் தெருக்களில் நிற்காமல் ஓடி வந்து, பின்னேரம் எங்கள் வாசலில் வைத்துத்தான் விசிறியைப் பார்த்தேன். சந்தேகத்தில் இல்லை, அது சுற்றும் அழகைப் பிள்ளைக்குக் காட்டும் ஆசையில். எஞ்சினை ஓடவிட்டு நின்றேன். மகள் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் குந்தி, காற்று வருகிறதா என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அப்பா இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம்.

"அப்பா, எப்ப சுத்தும்?"

"இப்ப சுத்தும், பொறு."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். "என்னப்பா, இன்னும் சுத்தேல்லையோ?" சூடு காட்டும் முள் ஏறியது. சிவப்பைத் தொட்டது. பிள்ளையை இழுத்துத் தள்ளி நிறுத்தவும் ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீர் புஸ்ஸென்று நிலத்தில் கொட்டவும் சரியாக இருந்தது.

ஆறிய பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தேன். விசிறியின் இதழ்கள் இருந்தன. ஆனால் அவை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் நாடாவால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. பின்னால் அதைச் சுற்றும் மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்டு, வெளியே தெரியாமல் இதழை மட்டும் பொம்மையாகக் கட்டி வைத்திருக்கிறான்.

"உந்த அறுவானுக்கு நீங்கள் எத்தினை நாள் சோறு போட்டனீங்கள்!" என்று மனைவி கத்தினாள்.

அவனுக்குப் போன் எடுத்தேன். கண்டதைச் சொன்னேன். அவன் மெதுவாக, "அண்ணை, நீங்கள் கேக்கேல்லையே" என்றான்.

"என்னடா சொல்லுறாய்?"

"வெள்ளையள் நிப்பாட்டி வைச்சுப் பாத்திட்டுக் கேட்டவங்கள். ஒளிக்காமல் சொன்னனான். வேண்டாமெண்டு போட்டாங்கள். நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கும் சொல்லியிருப்பன்."

போனை வைத்துவிட்டேன். கேட்டவனுக்கு உண்மையைச் சொன்னானாம். கேட்கமாட்டான் என்று தெரிந்தவனுக்குச் சோறு போட்டானாம். அவன் அகராதியில் எங்கட ஆள் என்றால் அதுதான் அர்த்தம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவனோ என் வயிற்றை நிரப்பித்தான் வாயை அடைத்தான்.

வேறு வழியில்லை. திங்கட்கிழமை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டு அதிலேயே போனேன். லண்டன் பிரிட்ஜில் பஸ்களுக்கு நடுவே அகப்பட்டு நின்றேன். கொதித்துப் புகைந்து செத்துப்போயிற்று. முதுகில் பார்சல்களோடு அதைத் தள்ளிக்கொண்டு போனேன். மாலையே வேலை இன்னொருவனுக்குப் போய்விட்டது. அடுத்த கிழமை திரும்பவும் பெற்றோல் ஷெட், திரும்பவும் இரவு, திரும்பவும் போர்வைக்குள் மேடு.

அந்தக் கோடையில் கோயில் திருவிழாவுக்குப் போனோம். வாசலில் அவன், அதே வகையில் புதுசு ஒன்றில், எஞ்சினை ஓடவிட்டபடி நாலு பேரோடு கதைத்துக்கொண்டிருந்தான். இப்போது பெற்றோல் எரிவது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திடீரென்று கிர்ரென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர் விலகினார். "பயப்பிடாதேங்கோ, சூடானால் தானாச் சுத்தும். இதின்ரை மோட்டார் வாங்கேக்கையே பழுது. பழையதிலை இருந்து கழட்டிப் போட்டனான், நல்ல சாமான்" என்றான்.

நான் தடுக்குமுன் மகள் ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

"அப்பா, காத்து வருது!"

அப்போதுதான் அவன் என்னைக் கண்டான். முகம் ஒரு கணம் செத்துப் பிறகு உயிர்த்தது. "அண்ணை! கண்டு கனகாலம். ஒருநாளைக்கு வீட்டுப்பக்கம் வாங்கோவன், சாப்பிடுவம்."

"வேண்டாம் தம்பி" என்றேன். "அண்டைக்குச் சாப்பிட்டதே இன்னும் செமிக்கேல்லை."