சிவப்பு வட்டம் போட்ட கார்டு

1. ஏறிய டைட்டர்

ரிப்போர்ட்டில் ஒரு எண் சரியில்லை என்பதற்காக லேப் டெக்னீஷியன் சீட்டை விட்டு எழுந்து போவது வழக்கமில்லை. நம் வேலை ட்யூபோடு, ஆளோடு இல்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவு லேபில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை நான் எழுந்து போனேன். இன்றைக்கு லேபில் சேருகிற பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. நடை கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிபிலிஸ் நோய்க்கு வி.டி.ஆர்.எல். என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. சீரத்தை இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எதுவரை ரியாக்ஷன் தெரிகிறதோ அதை டைட்டர் என்று எழுதுவோம். பென்சிலின் போட்டால் மாதங்கள் போகப் போக டைட்டர் இறங்கும். பழனியம்மா என்ற பெண்ணுக்கு முதல் தடவை ஒன்றுக்கு முப்பத்திரண்டு இருந்தது. டாக்டர் வாரம் ஒன்றாக மூன்று ஊசி எழுதியிருந்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் ஒன்றுக்கு நூற்று இருபத்தெட்டு. திரும்பச் செய்து பார்த்தேன். அதே எண்.

பரிசோதனை கேட்டு டாக்டர் அனுப்பும் ரிக்விசிஷன் தாளில் ஏழு மாத கர்ப்பம் என்று எழுதியிருந்தது. சிகிச்சை இல்லாத சிபிலிஸ் வயிற்றில் இருக்கும் குழந்தையைக் கொல்லும், கொல்லாவிட்டால் முடமாக்கும். பென்சிலின் போட்டால் காப்பாற்றிவிடலாம். அவ்வளவு பழைய மருந்து, அவ்வளவு நிச்சயமான மருந்து.

பழனியம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஹனூர்ப் பக்கத்துப் பெண். விஜயநகரில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். கணவர் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். மூன்று ஊசியும் போட்டாகிவிட்டதா என்று கேட்டேன்.

"ஒண்ணுகூடப் போடலீங்க. நாலு வாட்டி வந்துட்டனுங்க. மருந்து இல்ல, அடுத்த வாரம் வான்னு திருப்பி அனுப்பிப் போடறாங்க."

கார்டைக் காட்டச் சொன்னேன். மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம் இருந்தது. அந்த வட்டத்தைப் போட்டது நான்.

2. வட்டம் எப்படி வந்தது

எச்.ஐ.வி. என்ற பெயரே அப்போது ஊருக்குப் புதிது. லேபில் என்னோடு இருந்த இன்னொரு டெக்னீஷியனுக்கு ரத்தம் எடுத்த ஊசி கையில் குத்திவிட்டது, அவர் மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்தார். அதற்குப் பிறகு எச்.ஐ.வி. பாசிடிவ் வந்த ட்யூப்களின் நம்பரைச் சிவப்பு மையில் வட்டமிட ஆரம்பித்தேன். எங்கள் இருவருக்கு மட்டுமான அடையாளம். சில வாரத்தில் ஓ.பி.யிலிருந்து ஒரு ஊழியர் வந்து, எங்களுக்கும் உயிர் இருக்கிறதல்லவா, கார்டிலும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். நியாயமாகப் பட்டது, போட்டுக்கொடுத்தேன். நல்ல யோசனை என்று மேட்ரன்கூடப் பாராட்டினார். நானும் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த எச்.ஐ.வி. பரிசோதனையையும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை. சிபிலிஸுக்கு என்று எடுத்த ரத்தத்திலேயே செய்தோம். முடிவு பழனியம்மாவைத் தவிர ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்தது. கார்டு வாங்கும் கவுன்டர், ஆயா, ஊசி அறை வாசலில் நிற்கும் காவலாளி வரைக்கும்.

3. ஊசி அறை

நேராக ஊசி அறைக்குப் போனேன். அங்கிருந்த ஸிஸ்டர் இந்த ஊர்த் தமிழர்தான், என்னைவிட இளையவர். ஸ்டாக் இல்லை என்றார். அலமாரியின் கண்ணாடி வழியே பென்சிலின் குப்பிகள் வரிசையாகத் தெரிந்தன. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். பிறகு பொய்யை விட்டுவிட்டார்.

"நீங்க ட்யூபைத் தொடறீங்க, அக்கா. நான் ஆளைத் தொடணும், கொத்தா? அபாயம்னு வட்டம் போட்டுக் குடுத்தது நீங்கதானே."

தெரியுமா என்பதற்குப் பதிலாக எப்போதும் கன்னடத்தில் கொத்தா என்பார். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

பிரிவின் தலைமை டாக்டரிடம் போனேன். அந்த ஸிஸ்டருக்கும் குடும்பம் இருக்கிறது, புகாரை எழுத்தில் கொடுத்தால் பெரிய பிரச்சினையாகும் என்றார். கடைசியில், "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே இரண்டு மாதம் போயிருந்தது. வயிற்றில் இருப்பது இவர்களுடைய வசதிக்காகக் காத்திருக்குமா? படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், ஒரு கர்ப்பிணியின் கார்டைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்கள். அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர் வேறு.

4. புதுக் கார்டு

மறுநாள் பழனியம்மாவைக் கணவரோடு வரச் சொன்னேன். மருந்து எழுதிய இளம் டாக்டர் நல்ல மனிதர். கதவைச் சாத்திக்கொண்டு, எச்.ஐ.வி. முடிவையும் சிபிலிஸையும் இருவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இருவரும் அழுதார்கள். கணவருக்கும் ஊசி எழுதினார். கவுன்டரில் பழைய கார்டு தொலைந்துபோயிற்று என்று சொல்லி, கணவருக்கும் சேர்த்துப் புதுக் கார்டுகள் வாங்கினேன். அவற்றில் வட்டம் போடவில்லை.

லேபிலிருந்து ஒரு பெட்டி கையுறையைக் கொண்டுபோய் ஸிஸ்டரின் மேஜையில் வைத்து, இன்றைக்கு வருகிற அத்தனை பேருக்கும் போட்டுக்கொண்டுதான் ஊசி போட வேண்டும், தீர்ந்தால் நான் தருகிறேன் என்றேன். முறைத்தார், ஆனால் போட்டுக்கொண்டார். பிறகு பழனியம்மா கார்டை நீட்டினார். ஸிஸ்டர் மூலையைப் பார்த்தார், மருந்துச் சீட்டைப் பார்த்தார், அலமாரியிலிருந்து குப்பியை எடுத்தார். டெஸ்ட் டோஸ் போட்டு, அரை மணி உட்கார வைத்து, இருபத்து நாலு லட்சம் யூனிட்டையும் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டார். வலிக்கிற ஊசி. அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட்டார்.

"எத்தனை மாசம்மா? மொதல்லயே வந்திருக்கக் கூடாதா?"

நாலு தடவை இதே அறையிலிருந்து திருப்பி அனுப்பிய பெண். ஸிஸ்டருக்கு அடையாளமே தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால்தானே தெரியும். பழனியம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று மாலை ஸிஸ்டரிடம் சொன்னேன். வட்டம் இல்லாத கார்டோடு வந்தவர்களுக்கு நீ இத்தனை நாள் வெறுங்கையால் ஊசி போட்டாய், அவர்களில் யார் ரத்தத்தில் என்ன இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும், பரிசோதிக்காதவர்களுக்கு நான் எங்கே வட்டம் போடுவேன் என்று கேட்டேன். மறுநாளிலிருந்து கையுறைப் பெட்டி கேட்டு அவரே ஆள் அனுப்பினார். சிவப்புப் பேனாவை நானும் விட்டேன். லேபில் எல்லா ட்யூபையும் வட்டமிட்ட ட்யூபைப் போலவே கையாள ஆரம்பித்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

5. மூன்றாவது ஊசி

பெண் குழந்தை பிறந்தது. அதன் ரத்தத்தில் தாயிடமிருந்து வந்த டைட்டர் இருந்தது. மாதாமாதம் இறங்கி, கடைசியில் நான்-ரியாக்டிவ், நோய் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். குழந்தைக்கு எச்.ஐ.வி. வந்ததா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல அப்போது ஒன்றரை வருஷம் ஆக வேண்டும். அதற்குள் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்க அன்றைக்கு எங்களிடம் மருந்து இல்லை. இருந்த ஒரே மருந்தைத்தான் அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம்.

நான் கற்ற பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது டாக்டரும் இல்லை, புத்தகமும் இல்லை. மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று, பழனியம்மா புதுக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய கார்டுல செவப்புல சுழிச்சிருந்துச்சுங்க. வயித்துப்புள்ளக்காரி, சீக்கிரம் கவனிங்கன்னு நீங்கல்லாம் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேனுங்க. ஒவ்வொரு வாட்டியும் அதைத்தான் மொதல்ல எடுத்துக் காட்டுவேனுங்க."

அதைப் போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.