கேபின் மேல் இரண்டு தட்டு

இது நடந்தது. நள்ளிரவில் அல்ல, வெயில் இன்னும் மிச்சமிருந்த மாலையில். வண்டிக்குள் நாங்கள் மூன்று பேர். மூன்று பேர் காதிலும் விழுந்தது. அதனால் மனப்பிரமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என் மகளைப் புருஷன் விட்டுப் போய் இரண்டு வருடம். கூலிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். சொந்தமாக ஒரு பிக்கப் இருந்தால் எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாமே என்று, என் தம்பியின் பழைய பெரிய பிக்கப்பைப் பார்க்க வந்தாள். தாய்மாமன் ஏமாற்ற மாட்டான் என்று அழைத்து வந்தவள் நான்தான்.

அவள் முதலில் டயர்களில் காற்றை அளந்தாள்.

"மாமா, பின்னாடி அறுபத்தஞ்சு இருக்கணும். முப்பத்தஞ்சுதான் இருக்கு. ஆட்டம் தெரியக்கூடாதுன்னு காத்தை எறக்கி வெச்சிட்டீங்களா?"

"பாருக்கா, டிரைவரம்மா எம்மேலயே கேஸ் போடுறாங்க!"

"அக்கா மகளையே ஏமாத்தப் பாக்குறியேடா," என்றேன். வெட்கமே இல்லாமல் சிரித்தான்.

பஞ்சர் கடையில் சரியாக அறுபத்தைந்து ஏற்றினோம். கிளம்பும்போது மணி ஐந்து நாற்பது. மகள் ஸ்டீயரிங்கில், தம்பி பக்கத்தில், நான் கேபினின் பின்சீட்டில்.

"காலி வண்டி. காத்தும் ஃபுல்லு. இனிமே தூக்கித் தூக்கிப் போடும். கெட்டியா புடிச்சுக்கோம்மா."

போடவில்லை.

முதல் வேகத்தடை... தொட்டில் போல ஏறி இறங்கியது. இரண்டாவதும் அப்படியே.

"நல்லாத்தானே போகுது?" என்றான் தம்பி. கழுத்தெல்லாம் வியர்வை.

"காலி வண்டி இப்படிப் போகாது மாமா. பின்னாடி ஏதோ பாரம் இருக்கு."

கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். வெறும் இரும்புத் தளம்.

ஐந்து ஐம்பத்திரண்டு. என் தலைக்கு மேலே...

டொக். டொக்.

லோடுமேன்கள் பின்னால் நின்றுகொண்டு கேபின் கூரையைத் தட்டுவார்கள். இரண்டு தட்டினால் நிறுத்து. ஒன்று தட்டினால் போ. மகளின் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாத!" தம்பி கத்தினான். "தட்டினா தட்டட்டும், நீ போ!"

யார் தட்டுவது என்று அவன் கேட்கவில்லை.

அவள் நிறுத்தினாள்.

கிரீச்... பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. ஓர் ஆள் இறங்கினால் அவ்வளவு எழும்பாது.

எழும்பியது.

டொக்.

ஒன்றே ஒன்று.

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. மகள் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மறுநாள் மறுபடியும் கூலிக்குப் போனாள்.

மூன்றாம் நாள் தம்பியைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நம்ம லோடுமேன்க்கா. போன மாசம். மூட்டை மேல உக்காந்து வந்தாரு. நெஞ்சு வலி. எறக்குற எடத்துல போய்ப் பாத்தா... உசுரு இல்ல."

"தட்டினாரா?"

"தட்டினாரு. நேரமாச்சேன்னு நிறுத்தல." உடனே அவசரமாகச் சொன்னான்: "நிறுத்தியிருந்தாலும் பிரயோஜனமில்லக்கா. ஏறின அஞ்சு பத்து நிமிஷத்துலயே உயிர் போயிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

தன்னைத் தானே மன்னித்துக்கொண்ட முகம்.

"அவரு தட்டுறது உனக்கு எவ்வளவு நேரம்டா கேட்டுச்சு?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எறக்குற எடம் வர்ற வரைக்கும்க்கா... முக்கால் மணி நேரம்."