மூன்றாவது வரிசை, ஓரத்துச் சீட்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், வெள்ளைப் புடவைதான் கட்டியிருக்கும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு நாற்பதுக்கு. நடந்தது என் வீட்டுக்காரருக்கு. பேய்ப்படம் போட்டால் பாதியில் குறட்டை விடுகிற மனிதர் அவர். கதை கட்டத் தெரிந்திருந்தால் இந்தப் பதினாறு வருஷத்தில் என்னிடம் ஒரு பொய்யாவது ஒழுங்காகச் சொல்லியிருப்பார்.

அவர் வெல்டர். சாமான் ஏற்றும் வேன்களில் ஆட்கள் உட்கார சீட் மாட்டித் தருவதுதான் அவருடைய பட்டறையில் முக்கால்வாசி வேலை. வேனின் தரை வெறும் தகரம். அதில் துளை போட்டு, சீட்டின் கால்களை போல்ட் வைத்து முடுக்க வேண்டும். அடியில், தகரத்துக்கும் நட்டுக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்குக் கனமான இரும்புத் தகடு ஒன்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், ஓங்கி ஒரு பிரேக் போதும். தகரம் கிழிந்து சீட் ஆளோடு பிய்த்துக்கொண்டு வரும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போக ஒரு வேன் வந்தது. வேன்காரருக்கு எதுவாக இருந்தாலும் நாளைக்கே வேண்டும். அதனால் பட்டறையில் அவருக்குப் பெயரே 'நாளைக்கு'தான். பழைய சீட் பன்னிரண்டை அவரே கொண்டுவந்து இறக்கினார். "தகடு வெட்டிக்கிட்டெல்லாம் உட்கார்ந்திருக்காதீங்க. சின்ன வாஷர் வளையமே போதும். திங்கக்கிழமை காலையில வண்டி ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: "நீ முன்வரிசையில உட்காரு. உன் சீட்டுக்கு மட்டும் தகடு போட்டுடறேன்."

நான் சரி என்றேன். மற்ற பதினோரு பேரும் தினமும் என்னோடு ஒரே மேஜையில் டீ குடிக்கிறவர்கள். தெரிந்துதான் சரி என்றேன். என்னை யாரும் நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் அவர் மட்டும்தான். மூன்று வரிசை முடிந்துவிட்டது. கடைசி வரிசைக்காக, திறந்திருந்த பின்கதவில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்து நட்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். பசித்தது. போனில் மணி பார்த்தார். இரண்டு நாற்பது.

வண்டி லேசாக அமுங்கியது. ஆள் ஏறினால் அமுங்குமே, அப்படி.

பிறகு ஒரு சத்தம். டக். பெல்ட் மாட்டுகிற சத்தம்.

"அண்ணே, இந்த சீட் ஆடுது."

பெண் குரல். கம்பெனியிலிருந்து யாரோ வண்டியைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆடினா விழுந்துடாதும்மா. உட்காரு."

யாரோ சிரித்தார்கள். அது வேறு ஒரு பெண்ணின் சிரிப்பு. சரி, இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். நட்டுகளைப் பொறுக்கி முடித்துவிட்டுத் திரும்பினார்.

யாரும் இல்லை.

மூன்றாவது வரிசை, ஓரத்துச் சீட்டில் மட்டும் பெல்ட் மாட்டியிருந்தது. நாம்தான் மாட்டிப் பார்த்திருப்போம் என்று கழற்றிவிட்டார்.

இரண்டு நாற்பத்தாறு. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேலே தகரம் 'டொப்' என்றது. பிறகு செருப்புக் கால்... மாற்றி மாற்றி வைக்கிற சத்தம்.

பக்கக் கதவு பூட்டியிருந்தது. பின்கதவு வழியாக ஏற வேண்டுமென்றால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் காலைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதல் தடவையும் பின்கதவில் அவர்தானே உட்கார்ந்திருந்தார்?

டக்.

முகத்துக்கு நேர் மேலே ஒரு நட்டு திரும்பியது. தானாக.

ஒரு சுற்று... இன்னொரு சுற்று...

தகரம் மெல்ல மேல்நோக்கி இழுபட்டது.

"அண்ணே... ஆடுது."

குரல் மேலேயிருந்து வரவில்லை.

காதோரத்தில் கேட்டது.

மூன்று ஐந்துக்கு எனக்கு போன் வந்தது. "வா" என்றார், அவ்வளவுதான். போனேன். முதுகெல்லாம் சிராய்ப்போடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வண்டிக்கு அடியில் நான்கு நட்டுகள் கிடந்தன. உள்ளே அந்தச் சீட்டில் பெல்ட் மாட்டியிருந்தது.

இருவருமாகச் சீட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்தோம். அதன் காலில் இருந்த பழைய வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என் கை" என்றார்.

கையெழுத்தை மறந்தாலும் வெல்டர் தன் வெல்டிங்கை மறக்க மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு கம்பெனிக்கு ஓடிய 'நாளைக்கு'வின் பழைய வேனுக்கு அவர் மாட்டிய சீட்டுகள் இவை. அன்றைக்கும் வெறும் வாஷர்தான். அந்த வேனை விற்றுவிட்டதாக எங்களிடம் சொல்லியிருந்தார் 'நாளைக்கு'.

திங்கட்கிழமை வண்டி ஓடவில்லை. 'நாளைக்கு' தொண்டை கிழியக் கத்தினார். பன்னிரண்டு சீட்டுக்கும் தகடு போட்டு முடிக்கும்வரை என் வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வண்டி எடுக்க டிரைவர் வந்தார். பழைய வேனை ஓட்டியவரும் அவர்தான். அதை எதற்கு விற்றார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வித்துட்டாரா? யார் சொன்னா?" என்றார் டிரைவர். "நாய் குறுக்க வந்துச்சு. பிரேக் அடிச்சேன். மூணாவது வரிசையில ஓரத்து சீட் ஆளோட பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. பாவம், அந்தப் பொண்ணு பெல்ட் போட்டுத்தான் இருந்துச்சு. அப்படியே போய்ச் சேர்ந்துடுச்சு. ஒரு வாரமா ஆடுது ஆடுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சுங்க. மாட்டினவர்கிட்டயே கேளுன்னு நான்தான் உங்க நம்பரைக் கொடுத்தேன். பேசிட்டேன்னு சொல்லுச்சே?"

"அப்படி யாரும் பேசின ஞாபகமே இல்லையே" என்றார் என் வீட்டுக்காரர். பொய் இல்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை.

எனக்கு இருக்கிறது.

அந்த போன் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கை எச்சிலாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார். சின்னப் பெண்ணின் குரல். "அண்ணே, இந்த சீட் ஆடுது." அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "ஆடினா விழுந்துடாதும்மா. உட்காரு" என்றார். நான் சிரித்தேன். அவளுக்குக் கேட்கிற மாதிரியே சிரித்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் இன்னும் ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அந்தப் பொண்ணு சரி. கூடச் சிரிச்சது யாரு? எங்கயோ கேட்ட சிரிப்பா இருக்கு."

அவர் எதிரில் நான் சிரிப்பதை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது.